2.0 டர்போ: முன்பக்க இண்டர்கூலருக்குப் பைப் எந்த வழியாக? 63 மிமீயா, 76 மிமீயா?

நாலாம்கியர் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2.0 லிட்டர் பெட்ரோல் டர்போ, இன்ஜின் குறுக்கு வாட்டம். கம்பெனி இண்டர்கூலர் (டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர்விப்பது) வலது சக்கரத்துக்கு முன்னால், பம்பர் மூலையில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி. ஈசியு (இன்ஜின் கணினி) மேப் மாற்றியதில் பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) 1 பாருக்கு வந்துவிட்டது. முதல் முடுக்கலில் வண்டி நன்றாகவே பாய்கிறது. அடுத்தடுத்து முடுக்கினால் சோர்ந்துவிடுகிறது. லாக் எடுத்துப் பார்த்ததில், வெளியே 30 டிகிரி இருக்கும்போது இன்டேக் காற்று 34இல் தொடங்கி, மூன்றாம் கியர் இழுப்பு முடிவதற்குள் 71ஐத் தொடுகிறது. அந்த இடத்தில் ஈசியு இக்னிஷனை, அதாவது தீப்பொறி நேரத்தை, பின்னுக்கு இழுப்பதும் தெரிகிறது.

முன்பக்கத்தில் பொருத்த ஒரு கோர் (இண்டர்கூலரின் குளிர்விக்கும் பெட்டி) வாங்கியாயிற்று. பார் அண்ட் பிளேட் வகை, ஒரு பக்கம் நுழைவாய், எதிர்ப்பக்கம் வெளிவாய். டர்போவின் வெளிவாய் வலது பக்கம் கீழே, த்ராட்டில் பாடி இடது பக்கம் மேலே. எனவே டர்போவிலிருந்து கோருக்குப் போகும் ஹாட் பைப் ரேடியேட்டருக்கு வலப்புறமாகவும், கோரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் கோல்ட் பைப் இடப்புறமாக பேட்டரிக்குக் கீழேயும் வரவேண்டியிருக்கும்.

கேள்விகள்: பைப் என்ன விட்டம்? பேட்டரியை டிக்கிக்கு நகர்த்தித்தான் ஆகவேண்டுமா? இதோடு சேர்த்து கூம்பு ஃபில்டரும் போட்டுவிடலாமா?

முழுபூஸ்ட் எழுதியது:

76 போடுங்க பாஸ். நாளைக்குப் பெரிய டர்போ போட்டால் மறுபடி வெல்டிங் கடைக்குப் போக வேண்டாம். கூம்பு ஃபில்டரும் போடுங்க, சத்தமே தனி.

சுழலி எழுதியது:

76 வேண்டாம். சும்மா சொல்லவில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை இழுக்கிறது. 6500 ஆர்பிஎம், நிரம்பும் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் 2.0 லிட்டருக்கு நிமிடத்துக்கு 5850 லிட்டர், அதாவது நொடிக்குச் சுமார் 98 லிட்டர். இது மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்திலும் வெப்பத்திலும். 63.5 மிமீ குழாயின் உள்விட்டம் 60 மிமீ சொச்சம். அதற்குள் காற்று நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் போகும். 51 மிமீ குழாயில் 54 மீட்டர். ஒலி வேகத்தில் 0.4 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று டர்போ வேலை செய்பவர்கள் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அது ஏறக்குறைய 140 மீட்டர். நீங்கள் அதன் பக்கத்திலேயே இல்லை.

சரி, பெண்ட் இழப்பைப் பார்ப்போம். ஹாட் பைப்பில் காற்று சூடாக இருப்பதால் பருமன் கூடி, அதே 63.5 மிமீ குழாயில் 41 மீட்டர் வேகம் வரும். குழாய் நசுங்காமல் ஒழுங்காக வளைத்த மாண்ட்ரல் பெண்ட் ஒன்று அந்த வேகத்தில் தின்பது சுமார் 0.004 பார். ஆறு பெண்ட் போட்டாலும் 0.025 பார்தான். 51 மிமீயில் அதே ஆறு பெண்டுக்கு 0.065 பார் வரும். கோர் மட்டுமே 0.1 பார் அளவில் எடுத்துக்கொள்ளும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 51க்கும் 63க்கும் இடையில் கிடைக்கும் லாபம் கொஞ்சம் உண்டு. 63க்கும் 76க்கும் இடையில் கிடைப்பதைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

நசுக்கி வளைத்த பெண்டுக்கோ, சாய்வாக அறுத்து ஒட்டவைத்த மூலைக்கோ இந்தக் கணக்கு பொருந்தாது. அப்படி ஒரு மூலை மூன்று நான்கு நல்ல பெண்டுகளுக்குச் சமம். விட்டத்துக்குச் செலவழிப்பதை வளைவின் தரத்துக்குச் செலவழியுங்கள்.

முழுபூஸ்ட் எழுதியது:

லாபம் கம்மி என்றால் நஷ்டமும் கம்மிதானே? 76 போட்டால் என்ன குறைந்துவிடும்?

பின்வாசல் எழுதியது:

லேக் (முடுக்கியதும் பூஸ்ட் வர ஆகும் தாமதம்) கூடும். அவ்வளவு பெரிய பைப்பை நிரப்ப நேரம் ஆகும்.

சுழலி எழுதியது:

லேக் பற்றி எல்லா இடத்திலும் பயமுறுத்துகிறார்கள், அதையும் அளந்துவிடுவோம். மொத்தம் 3 மீட்டர் பைப் என்று வைத்தால் 63.5 மிமீயில் உள் கொள்ளளவு 8.6 லிட்டர், 76இல் 12.6 லிட்டர். வித்தியாசம் 4 லிட்டர். 3000 ஆர்பிஎம்மில் இந்த இன்ஜின் நொடிக்கு 45 லிட்டர் இழுக்கிறது. டர்போவின் கம்ப்ரஸர் அதற்கு மேல் தருகிற உபரியால்தான் பைப் நிரம்பும், எனவே சரியான நேரம் டர்போவைப் பொறுத்தது. ஆனாலும் அது நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் முடிகிற விஷயம். லேக்கின் பெரும்பகுதி டர்பைன் சக்கரம் வேகமெடுக்க எடுக்கும் நேரம்.

76இல் உண்மையான தொல்லை இடம். இரண்டு பக்கமும் பெரிய துளை, பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே உரசல், வளைக்க அதிக இடம். இன்னொன்றும் உண்டு. 1 பார் பூஸ்டில் 63.5 மிமீ பைப் முனையை வெளியே தள்ளும் விசை கிட்டத்தட்ட 32 கிலோ எடை. 76இல் அது 46 கிலோ. பைப்புகளை இணைக்கும் ஒவ்வொரு சிலிக்கான் கப்ளரும் அந்த விசையைத் தாங்கியாக வேண்டும்.

டீசல்புகை எழுதியது:

இந்த விசையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நெடுஞ்சாலையில் முந்தும்போது பைப் கழன்றால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வண்டியில் உயிரே இருக்காது. டீசலில் கூடவே கரும்புகை. பைப் முனையில் பீட் (சுற்றிலும் ஒரு மேடு) இல்லாமல், வழவழப்பான குழாய்மேல் சிலிக்கானை மாட்டி கிளாம்பை மட்டும் நம்பினால் கழன்றே தீரும். கடையில் பீட் ரோலர் இல்லை என்றால், முனையைச் சுற்றி வெல்டால் மெல்லிய மேடு வைத்துத் தேய்த்துவிடச் சொல்லுங்கள், போதும். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல.

பூஸ்ட் பக்கம் டி போல்ட் கிளாம்ப். சாதாரண திருகு கிளாம்பின் பல் வெட்டுகள் சிலிக்கானை அறுக்கும்.

ரெஞ்சும்கையும் எழுதியது:

விட்டச் சண்டை முடிந்ததென்றால் வழித்தடத்துக்கு வரலாமா? வேலையில் பாதி நேரம் போவது அங்கேதான்.

முதலில் பம்பர், ஹெட்லைட், உள் ஃபெண்டர் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கோரைத் தற்காலிகமாகத் தொங்கவிட்டு, பம்பரை மறுபடி பிடித்துப் பாருங்கள். பம்பர் பீமை வெட்டித்தான் ஆகவேண்டும் என்று வந்தால் அந்தக் கோர் உங்கள் வண்டிக்கானது இல்லை. மோதலில் உங்களைக் காப்பதற்கு இருக்கிற இரும்பு அது, சேஸிஸ் ரெயிலும் அப்படியே. வெட்டத் தகுந்தவை பிளாஸ்டிக்கும், சுமை தாங்காத தகடும் மட்டும்.

பிறகு அலுமினியத்தைத் தொடுவதற்கு முன் 63 மிமீ பிவிசி குழாயும் சில வளைவுகளும் வாங்குங்கள். வெளிவிட்டம் உங்கள் பைப்போடு ஏறக்குறைய ஒன்று. பசை போடாமல் சும்மா செருகி, டர்போ வாயிலிருந்து கோர் வரை முழு வழியையும் வண்டியிலேயே கட்டுங்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு இணைப்பின் குறுக்கேயும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து எண் போடுங்கள். கழற்றி வெல்டரிடம் கொடுத்தால் எந்த வளைவு எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்று அந்தக் கோடே சொல்லிவிடும். பிவிசியோடு வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம், ஹாட் பைப் சூட்டில் அது இளகிவிடும்.

பிவிசி மாட்டியிருக்கும்போதே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, சக்கரம் மேலே ஏறி இறங்கும் எல்லையையும் பாருங்கள். வீல் ஆர்ச் வழியாகப் போகும் பைப் பெரும்பாலும் அங்கேதான் அடிவாங்கும்.

நாலாம்கியர் எழுதியது:

இது பிரமாதமான யோசனை அண்ணா. அப்போது பேட்டரி?

ரெஞ்சும்கையும் எழுதியது:

பிவிசி சொல்லட்டும். பெரும்பாலும் பேட்டரித் தட்டின் மூலையைக் கொஞ்சம் வெட்டினாலோ, அதே சக்தியில் குட்டையான பேட்டரி போட்டாலோ வழி கிடைத்துவிடும். டிக்கிக்கு நகர்த்தினால் வண்டி நீளத்துக்குத் தடித்த கேபிள், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், வாயு வெளியேற வழி என்று தனி வேலை ஆகிவிடும். ஒரு பைப்புக்காக அதில் இறங்காதீர்கள்.

இன்ஜின் அசைவு தம்பி, அதை மறக்காதீர்கள். கோர் பாடியோடு நிற்கிறது, டர்போவும் த்ராட்டிலும் இன்ஜினோடு ஆடுகின்றன. குறுக்கு வாட்ட இன்ஜின் முடுக்கும்போது முன்னும் பின்னும் நன்றாகவே சாயும். அதனால் ஹாட் பக்கம் ஒன்று, கோல்ட் பக்கம் ஒன்று என்று குறைந்தது இரண்டு இடத்தில் நடுவில் புடைத்த ஹம்ப் கப்ளர் வேண்டும். நீண்ட பைப்பைப் பிரேக்கெட் வைத்துத் தாங்குங்கள், ஆனால் ஒரே பைப்பை இன்ஜினிலும் பாடியிலும் சேர்த்துக் கட்டாதீர்கள். வெல்ட் விரியும், இல்லாவிட்டால் கோரின் வாய் உடையும்.

கப்ளருக்குள் இரண்டு பைப் முனைகளுக்கும் இடையே 5 முதல் 10 மிமீ இடைவெளி விடுங்கள். மோத விட்டால் அதிர்வில் தேயும். ரொம்ப விட்டால் பூஸ்டில் சிலிக்கான் பலூனாக வீங்கும்.

துளை போட்ட தகட்டின் விளிம்புக்குத் துருத் தடுப்பு அடித்து ரப்பர் விளிம்பு மாட்டுங்கள். ஏசி குழாய் பக்கத்தில் போனால் குறைந்தது ஒரு விரல் இடைவெளி. அங்கே அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஓட்டை விழப்போவது ஏசி குழாயில்தான்.

பின்வாசல் எழுதியது:

அலுமினியமா ஸ்டீலா? ஹாட் பைப் எக்ஸாஸ்ட் பக்கத்தில் போகிறதே. அலுமினியம் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளுமே.

சுழலி எழுதியது:

சூட்டைக் கடத்துவதில் 6061 அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடப் பத்து மடங்குக்கு நெருக்கம் என்பது உண்மைதான். ஆனால் முழு முடுக்கலில் காற்று அந்தப் பைப்புக்குள் இருப்பதே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் ஏறும் சூடு சொற்பம். வண்டி நின்று ஓடும்போதுதான் பைப் சுடும். எக்ஸாஸ்டுக்கு மிக அருகில் போகும் துண்டுக்கு மட்டும் வெப்பத் தடுப்பு உறை சுற்றினால் போதும். எடைக்காக அலுமினியம். வெல்டர் அலுமினியத்தில் கை நடுங்குபவர் என்றால் ஸ்டெயின்லெஸ். சுவர் 1.5 மிமீ முதல் 2 மிமீ.

வெல்ட் முடிந்ததும் உள்ளே தேய்த்துக் கழுவாமல் மாட்டாதீர்கள். ஹாட் பக்கம் விழுந்த துகள் கோரில் மாட்டிக்கொள்ளலாம், கோல்ட் பக்கம் விழுந்தது நேராக சிலிண்டருக்குப் போகும்.

டீசல்புகை எழுதியது:

சிலிக்கான் பற்றி ஒரு வார்த்தை. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) மூச்சுக் குழாய் வழியாக எண்ணெய்ப் பிசுக்கு வரும் வண்டியில் சாதாரண சிலிக்கான் எண்ணெயை உறிஞ்சி மெல்ல மெல்ல மெத்தென்று ஆகிவிடும். உள்ளே ஃபுளோரோசிலிக்கான் பூசிய ஹோஸ் கேட்டு வாங்குங்கள். டர்போவுக்கு முன்னால் வரும் உறிஞ்சும் பக்க ஹோஸில் கம்பி வலுவூட்டல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழு முடுக்கலில் ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளும். நிற்கும்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

நாலாம்கியர் எழுதியது:

அப்படியென்றால் 63.5 முடிவு. இப்போது இன்டேக் பக்கம். என் வண்டியில் மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) ஃபில்டர் பெட்டியின் மூடியிலிருந்து வெளியே வரும் 70 மிமீ குழாயில் இருக்கிறது. கூம்பு ஃபில்டர் கிட் ஒன்று பார்த்தேன், 76 மிமீ குழாயோடு வருகிறது. மாட்டினால் நேராகப் பொருந்தும் என்கிறார்கள்.

சுழலி எழுதியது:

நிறுத்துங்கள். சென்சார் நட்டுகள் பொருந்துவதும் அளவு பொருந்துவதும் வேறு வேறு.

மாஃப் சென்சார் முழுக் காற்றையும் அளப்பதில்லை. அதன் சூடான கம்பியைக் கடக்கும் கொஞ்சக் காற்றின் வேகத்தை அளந்து, குழாயின் பரப்பை வைத்து மொத்தத்தைக் கணிக்கிறது. உள்விட்டம் 70இலிருந்து 76க்குப் போனால் பரப்பு கூடுகிறது, அதே காற்று மெதுவாகக் கடக்கிறது, சென்சார் சுமார் 15 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு சமாளித்துவிடும். முழு முடுக்கலில் அந்தத் திருத்தம் பல வண்டிகளில் வேலை செய்யாது. எரிபொருள் குறையும். கூடவே இன்ஜின் சுமை குறைவு என்று நினைத்து ஈசியு இக்னிஷனை முன்னுக்கும் தள்ளும். பூஸ்டில் இந்த இரண்டும் சேர்ந்தால் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது), பிஸ்டன் போகும். மாஃப் அளவுத் திருத்தத்தை மேப்பில் செய்யத் தெரிந்தவர் இல்லாமல் அந்தக் குழாயைத் தொடவே கூடாது.

மேப் சென்சாரை (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது, ஈசியு மேப் வேறு) மட்டும் நம்பி ஓடும் வண்டிக்கு இந்தத் தலைவலி இல்லை. உங்களுடையது அது இல்லையே.

முழுபூஸ்ட் எழுதியது:

கம்பெனி பெட்டி மூச்சை அடைக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டர் போட்டாலாவது கொஞ்சம் திறக்கும்.

சுழலி எழுதியது:

அடைக்கிறதா இல்லையா என்று அளந்துவிடலாமே. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், வண்ணம் கலந்த தண்ணீர், ஒரு பலகை, ஒரு அளவுகோல். குழாயை யூ வடிவில் பலகையில் கட்டி, ஒரு முனையை இன்டேக்கில் ஒரு சின்னத் துளையில் இணையுங்கள், இன்னொன்று திறந்திருக்கட்டும். இரண்டு தண்ணீர் மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் உறிஞ்சு இழப்பு. 10 செமீ என்றால் சுமார் 1 கிலோபாஸ்கல். ஒவ்வொரு காலும் ஒரு மீட்டர் இருக்கட்டும், நடுவில் ஒரு காலி பாட்டிலும் வையுங்கள். தண்ணீர் தப்பித்தவறி டர்போவுக்குள் போய்விடக்கூடாது. ஓட்டுவது ஒருவர், பார்ப்பது இன்னொருவர். மூடிய டிராக்கில் செய்யுங்கள்.

டர்போவுக்கு முன்னால் இருக்கும் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், அங்கே காற்று இன்னும் அமுங்கவில்லை. மேனிஃபோல்டில் நொடிக்கு 98 லிட்டராக இருக்கும் அதே காற்று, ஃபில்டர் பக்கம் 178 லிட்டர். பூஸ்ட் பைப்பைப் பெருக்கி, இன்டேக்கைக் குறுகலாக விட்டால் பலன் தலைகீழ். இழப்பும் இங்கே பெருகும். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து மேனிஃபோல்டில் 200 கிலோபாஸ்கல் வேண்டும், கோர் 10 எடுத்துக்கொள்கிறது என்றால் கம்ப்ரஸர் 210 தர வேண்டும். உள்ளே 101 கிடைத்தால் விகிதம் 2.08. ஃபில்டர் பக்கம் 5 இழந்து 96 மட்டும் கிடைத்தால் 2.19. அந்தக் கூடுதல் விகிதம் முழுக்கச் சூடாகத்தான் வரும்.

நாலாம்கியர் எழுதியது:

அளந்தாயிற்று. 6500ஐ நெருங்கும்போது, மூன்றாம் கியரில்:

ஃபில்டருக்கு முன்னால், பெட்டியின் அழுக்குப் பக்கம்: 24 செமீ. ஃபில்டருக்குப் பின்னால், மூடிக்குள்: 31 செமீ. ரப்பர் வளைவு தாண்டி, டர்போவுக்குச் சற்று முன்னால் 70 மிமீ குழாயில்: 46 செமீ.

எனவே ஃபில்டர் 7 செமீ மட்டும்தான். ரப்பர் வளைவு 15 செமீ எடுக்கிறது, அதை மாற்றவேண்டும் போல.

சுழலி எழுதியது:

ரப்பர் வளைவைத் திட்டாதீர்கள். பெட்டிக்குள் காற்று கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கிறது, 70 மிமீ குழாயில் நொடிக்கு 46 மீட்டர் ஓடுகிறது. ஓடும் காற்றின் பக்கச் சுவரில் அளந்தால் வேகத்தாலேயே அழுத்தம் இறங்கித் தெரியும். அந்த வேகத்துக்கு மட்டும் 12 செமீ. மிச்சம் 3 செமீதான் வளைவில் உண்மையாகத் தொலைந்தது. அதை விடுங்கள்.

திருடன் 24 செமீயில் இருக்கிறான். ஃபில்டருக்கும் முன்னால், கிரில்லிலிருந்து பெட்டிக்கு வரும் மூக்குக் குழாய். கழற்றிப் பாருங்கள், நடுவில் எங்கோ தட்டையாகக் குறுகியிருக்கும். பெரும்பாலும் சத்தத்தை அடக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

நாலாம்கியர் எழுதியது:

கழற்றினேன். கிரில் முனையில் கை நுழையும் அகலம். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் உயரத்துக்குத் தட்டையாகி, பெட்டிக்குள் போகும்போது மறுபடி வட்டம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தடுப்பும் இருக்கிறது.

ரெஞ்சும்கையும் எழுதியது:

அதே வழியில் தட்டையில்லாத ஒரு குழாய் போடுங்கள், அல்லது பெட்டியின் அடிப்பக்கம் இரண்டாவது வாய் திறந்து கிரில்லுக்குப் பின்னால் இழுங்கள். காற்று எடுக்கும் இடம் ரேடியேட்டருக்கு முன்னால், பம்பரின் மேல் பாதியில் இருக்கட்டும். கீழே தாழ்வாக வைத்தால் தண்ணீர் தேங்கிய சாலையில் இன்ஜின் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கூம்பு ஃபில்டரைத் திறந்த இன்ஜின் அறையில் வைத்தால் 60, 70 டிகிரிக் காற்றை இழுத்து இண்டர்கூலர் செய்த வேலையைக் கெடுக்கும். எண்ணெய்க் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் கூடிப்போனால் மாஃப் கம்பியில் படியும். கம்பெனிக் காகித ஃபில்டர் 7 செமீ மட்டும் எடுக்கிறது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். அதை ஏன் தூக்க வேண்டும்?

முழுபூஸ்ட் எழுதியது:

சத்தத்துக்கு!

ரெஞ்சும்கையும் எழுதியது:

சத்தத்துக்கு என்று சொல்லிப் போட்டால் எனக்கு ஆட்சேபமே இல்லை.

நாலாம்கியர் எழுதியது:

மூக்குக் குழாய் மாற்றியாயிற்று. பெட்டியின் அழுக்குப் பக்கம் 24 இருந்தது இப்போது 5 செமீ. ஃபில்டரும் பெட்டியும் கம்பெனியுடையதே. பிவிசி முழுதாகக் கட்டியாயிற்று, பேட்டரி இடம் மாறவில்லை, தட்டின் மூலை மட்டும் போயிற்று.

இப்போது பயம் ரேடியேட்டருக்கு. கோர் ஏசி கண்டென்ஸரை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

பின்வாசல் எழுதியது:

எல்லா முன்பக்க இண்டர்கூலரும் அப்படித்தான். சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் மேலே வைத்து பானட்டில் மூக்கு வெட்டியதால் ரேடியேட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை, பைப்பும் மிகக் குட்டை. ஆனால் டிராஃபிக்கில் இன்ஜின் சூடு மேலேறிக் கோரை வறுக்கும். ஃபோக்ஸ்வாகன் 1.4 டிஎஸ்ஐயில் தண்ணீரால் குளிரும் கோரை இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

சுழலி எழுதியது:

கோரைச் சுற்றியுள்ள சந்துகளை அடையுங்கள். காற்று சோம்பேறி, கோருக்குள் நுழைவதைவிடச் சுற்றிப் போவதையே விரும்பும். பம்பர் வாயிலிருந்து கோர் விளிம்பு வரையும், கோரிலிருந்து ரேடியேட்டர் வரையும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு, ஓரத்தில் ஃபோம் பட்டை. உள்ளே வந்த காற்று இரண்டையும் கடந்துதான் வெளியேற வேண்டும். இந்த வேலையை யாரும் புகைப்படம் எடுத்துப் போடுவதில்லை, அதனாலேயே யாரும் செய்வதில்லை. என்னைக் கேட்டால், 63இலிருந்து 76க்குப் போவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

பார் அண்ட் பிளேட் கோர் கனமானது. குட்டையான முடுக்கல்களில் சூட்டை நன்றாக விழுங்கும், ஆனால் வெளிக்காற்றை ட்யூப் அண்ட் ஃபின் என்ற இன்னொரு வகைக் கோர் அளவுக்கு எளிதாகக் கடக்க விடாது. கூலண்ட் வெப்பத்தை லாக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசல்புகை எழுதியது:

பைப் மாட்டியதும் சாலைக்குப் போகாதீர்கள். லீக் சோதனை முதலில். டர்போ நுழைவாயை அடைக்கும் ஒரு மூடி, அதில் டயர் வால்வு. காற்றடிக்கும் கம்ப்ரஸரின் ரெகுலேட்டரை 0.3 பாரில் தொடங்கி, மெல்ல உங்கள் பூஸ்ட் அளவுக்குப் பக்கத்தில் ஏற்றுங்கள். கிராங்க்கேஸ் மூச்சுக் குழாயைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் கீழே போய் ஆயில் சீலைத் தள்ளும். சோப்புத் தண்ணீர் ஒவ்வொரு கப்ளரிலும். மூடிக்கு நேர் எதிரே முகத்தை நீட்டாதீர்கள், அதுவும் பைப் மாதிரியே பறக்கும்.

இன்ஜினுக்குள்ளிருந்து மெல்லிய சீறல் கேட்டால் அது திறந்திருக்கும் வால்வு வழியாகப் போகும் காற்று. கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் நிற்கும்.

பூஸ்ட் பக்கம் லீக் இருந்தால், மாஃப் வண்டியில் அளந்த காற்று வெளியே போய்விடும், எரிபொருள் மிகும், புகை வரும். பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 கோடும் விழலாம். மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவே லீக் என்றால் நேர்மாறு. அளக்காத காற்று உள்ளே, அதோடு தூசியும் நேராகக் கம்ப்ரஸர் சக்கரத்தில்.

நாலாம்கியர் எழுதியது:

எல்லாம் முடிந்தது. லீக் சோதனையில் கோரின் வெளிவாய் கப்ளரில் மட்டும் குமிழி வந்தது, கிளாம்பை மேட்டுக்குப் பின்னால் தள்ளி இறுக்கியதும் நின்றது. அதே டிராக், வெளியே அதே 30 டிகிரி. இன்டேக் காற்று 33இல் தொடங்கி 46இல் முடிகிறது. அடுத்தடுத்து முடுக்கினாலும் 50ஐத் தாண்டவில்லை. இக்னிஷன் அப்படியே நிற்கிறது. கூலண்ட் பழைய நிலையிலிருந்து இரண்டு டிகிரி கூட.

சுழலி எழுதியது:

நன்று. 1 பாரில், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து காற்று ஏறக்குறைய 125 டிகிரியில் வரும். பழைய கோர் ஏறிய சூட்டில் 57 சதவீதத்தை எடுத்தது, புதியது 83 சதவீதம். 71இலிருந்து 46க்கு இறங்கியதில் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் கூடியிருக்கிறது. மேப் செய்தவரிடம் இந்த லாக்கைக் காட்டுங்கள்.

நாலாம்கியர் எழுதியது:

நன்றி சார். இன்னும் ஒரு சந்தேகம். ரீசர்குலேஷன் வால்வை (த்ராட்டில் மூடும்போது மிஞ்சும் காற்றைத் திருப்பி விடுவது) கோல்ட் பைப்பில், த்ராட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். திரும்பும் ஹோஸை டர்போவுக்கு முன் இணைத்திருக்கிறேன். அதைக் கழற்றி வெளியே திறந்துவிட்டால் "புஷ்" என்று வருமே, செய்யலாமா? முழுபூஸ்ட் தனி மெசேஜில் வற்புறுத்துகிறார்.

முழுபூஸ்ட் எழுதியது:

😄

சுழலி எழுதியது:

வேண்டாம். மாஃப் ஏற்கெனவே அளந்துவிட்ட காற்று அது. வெளியே விட்டால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் எரிபொருள் மிகுந்து கரி படியும், சிக்னலில் நிற்கும்போது வண்டி அணையவும் கூடும். ஹோஸ் மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவில்தான் சேர வேண்டும், டர்போவை நோக்கிச் சாய்வாக. மாஃபை நோக்கித் திரும்பியிருந்தால் அந்தக் காற்று பின்னோக்கி வந்து கம்பியைத் தொடும், ஈசியு அதையும் சேர்த்து எண்ணிவிடும். உங்களுடையது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள்.

டீசல்புகை எழுதியது:

படம் எடுக்கும்போதே எல்லா கிளாம்பையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சில தடவை சூடாகி ஆறியதும் சிலிக்கான் அமுங்கிக் கிளாம்ப் தளரும். கோர் அடியில் உள்ள கப்ளரைக் கழற்றும்போது மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் அது சகஜம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். குட்டையாகத் தேங்கியிருந்தால் மூச்சுக் குழாயையும் டர்போ சீலையும் பார்க்க வேண்டும்.

நாலாம்கியர் எழுதியது:

டர்போ பக்கமே சாய்ந்திருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன். கிளாம்புகளில் இரண்டை மட்டும் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது. எண்ணெய் படலம் மட்டும்தான்.